ஒன்பதாம் பக்கம்

ஜப்பான்காரர் வலமிருந்து இடம் போவார்கள் என்று
முதலே சொல்லியிருக்க வேணும்.
யதுசன் தன் பழக்கத்துக்கு இந்தப் பக்கத்தால் தொடங்கி,
முதலில் வெற்றி, பிறகு சண்டை,
கடைசியில் பையன் வீட்டில் இருந்து சோறு தின்னுறான்,
"நல்ல கதை அக்கா" என்று மூடி வைத்தான்.

மல்லாவிச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை எனக்கு.
அடையாள அட்டை, காணி உறுதி, மரணச் சான்றிதழ்,
ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வினாத்தாள்:
பகல் முழுக்க வெளிச்சம் அங்குமிங்கும் ஓடும்.
இரவில் படம் கீறுவேன்.
கொழும்பில் ஒரு பதிப்பகம்
ஐம்பது வருசப் பழைய சித்திரக்கதையை அனுப்பியிருந்தது,
"எங்கட பிள்ளையளுக்கு ஏற்றமாதிரி மாத்தித் தாங்கோ."

மாற்றினேன்.
மலையை வவுனிக்குளத்து அணைக்கட்டாக்கினேன்.
பனியை என்ன செய்வது?
மூன்று இரவு யோசித்து இலவம்பஞ்சைப் பறக்கவிட்டேன்.
பையனின் தலையில் குந்தியிருக்கும் கொக்கை
அப்படியே விட்டேன், கொக்கு எங்களிடமும் உண்டு.

ஒன்பதாம் பக்கத்தில் பையன் காட்டுக்குள் ஓடுகிறான்.
மண்ணுக்குள் ஆயிரம் வருசம் உறங்கும்
இரும்புப் பூதத்தை மிதிக்கிறான்.
பக்கம் முழுக்க ஒரே ஒரு சத்தம்,
எழுத்தே சிதறிப் போகிறமாதிரி.

"மிதிக்க மாட்டான்" என்றாள் கம்சிகா.
ஏன்?
"சிவப்புத் தடி நட்டிருக்குமெல்லே."
லக்சிதன் பென்சிலைப் பறித்து நட்டே விட்டான்:
நாலு தடி, மண்டையோட்டுப் பலகை, மஞ்சள் நாடா.
பையன் பலகையை வாசித்தான்.
திரும்பி வீட்டுக்குப் போனான்.
கதை முடிந்தது.
இருநூற்றுப் பத்துப் பக்கத்தில்
இருநூற்றொரு பக்கம் வெள்ளை.

பூதம் எழும்பினால்தானே சண்டை,
பறக்கிற கப்பல், எல்லாம் என்று சொல்லிப் பார்த்தேன்.
றோட்டில் நடக்கத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல்
மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கம்சிகாவின் அம்மா விடிய ஐந்தரைக்கு வெள்ளை வானில் ஏறுகிறவள்.
சம்பளச் சிட்டை கொப்பியெடுக்க வந்தாள்,
காற்சட்டை முழங்காலில் மண்.
ஒன்பதாம் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து
நெடுநேரம் நின்றாள்.
"உவனைக் குப்புறப் படுக்கவையுங்கோ.
கையிலை ஒரு பிறஸ் குடுங்கோ, பெயின்ற் அடிக்கிற பிறஸ்."
மிச்சக் காசை மேசையில் விட்டுவிட்டுப் போனாள்.

இப்போது பையன் படுத்திருக்கிறான்.
பத்தாம் பக்கத்தில் ஒரு விரற்கடை மண்.
பதினொன்றில் இன்னொரு விரற்கடை.
பதினெட்டில் தண்ணீர் குடிக்கிறான்.
இருபத்தேழில் மழை, ஒரு தறப்பாள், வேறொன்றுமில்லை.
சத்தம் என்று பார்த்தால்
மூலையில் கடுகளவு எழுத்தில் ஒரு சிர்க், சிர்க்.
நாற்பதில் பூதத்தின் புருவம்,
துருவில் ஒட்டியபடி ஒரு பாலைப்பழத் தோல்.

கொழும்பிலிருந்து கோல்:
"சண்டை எத்தனையாம் பக்கம் மிஸ்?"
வருது என்றேன்.
யதுசன் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து
அடிமட்டம் வைத்து மண்ணை அளக்கிறான்.
எந்தப் பக்கத்தால் தொடங்கினாலும் இனி ஒன்றுதான் அவனுக்கு,
பையன் படுத்துத்தான் கிடக்கிறான்.

நேற்றிரவு அறுபத்துமூன்றாம் பக்கம்: கண்.
மூடின கண்.
இமையில் ஓர் எறும்பு ஏறுகிறது.
பையன் பிறஸைக் கீழே வைத்து,
மூச்சு அதில் படாமல் முகத்தைத் திருப்புகிறான்.
அடுத்த கட்டத்துக்குக் கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.
நாளைக்குக் கம்சிகாவின் அம்மாவிடம் கேட்க வேணும்,
இவ்வளவு கண்ட பிறகு
யாரைக் கூப்பிடுவார்கள் என்று.