கவ்வாத்துக் கத்தி மிட்டாய்

கொழும்பிலிருந்து பெட்டி வந்தது.
மஸ்கெலியா பஸ்ஸில் ஏறி, பிறகு கொழுந்து லொறியில் ஏறி,
எங்கள் மேல்பிரிவுக்கு.
உள்ளே பன்னிரண்டு மிட்டாய்த் தடிகள்.
கூடவே ஒரு தாள்:
நத்தாரை இவற்றைக் கொண்டு
எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று.

வளைவு, மேய்ப்பனின் கோல்.
வெள்ளை, மாசில்லாத பிறப்பு.
சிவப்பு, பிறகு சிந்தப்போகும் இரத்தம்.
தலைகீழாய்ப் பிடித்தால் இயேசுவின் முதலெழுத்து.
கரண்ட் போன இரவில்
மெழுகுதிரி வைத்து மூன்று தரம் படித்தேன்.
பிள்ளைகள் பத்தொன்பது என்று
பெட்டி அனுப்பியவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி
பிள்ளைக்காம்பராவில்தான்.
மற்ற நாட்களில் நான் குழந்தைகளைப் பார்க்கிற இடம்.
தொட்டில் சேலைகளை முடிச்சுப் போட்டு
மேலே ஏற்றியிருந்தேன்.
பனி ஜன்னல் வழியாக வந்து
எங்களோடு பாயில் உட்கார்ந்திருந்தது.

"இது என்ன மாதிரி இருக்கு?"
ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.
"கவ்வாத்துக் கத்தி" என்றான் ரெமீசியஸ்.
அவன் அப்பா கவ்வாத்து மலையில் நிற்பவர்.
பத்தொன்பது பேரும் ஆமாம் என்றார்கள்.
ஆடு மேய்ப்பதைப் பார்த்தவர்கள் உண்டா என்றேன்.
அவர்கள் பார்த்த ஆடுகளெல்லாம்
மாடசாமிக்கு வெட்டின ஆடுகள்.
அதைப் பிடித்துக்கொண்டு
நான் எங்கேயோ போயிருக்கலாம்.
போகவில்லை. தாளைப் பார்த்தேன்.

முதலெழுத்தும் கைவிட்டது.
"இயேசுவுக்கு 'இ' தானே டீச்சர்?"
ஜன்னல் ஈரத்தில் செலஸ்டினா
விரலால் எழுதியும் காட்டினாள்.
எந்தப் பக்கம் திருப்பியும்
மிட்டாய் 'இ' ஆகவில்லை.

அந்த நேரம்தான் வாசலில் துஷ்யந்தன்,
இடுப்பில் தங்கச்சியோடு.
கோயில் லயத்துப் பையன்.
என் பதிவுப் புத்தகத்தில் பேர் இல்லாதவன்.
"அம்மா கைக்காசுக்குப் போயிருக்கு டீச்சர்.
பாப்பா அழுவுது."

பன்னிரண்டும் இருபத்தொன்றும்.
கணக்கு எனக்கு ஓடவில்லை.
"உடைச்சாப் போச்சு" என்றான் ரெமீசியஸ்.
உடைப்பதைப் பற்றித் தாளில் ஒரு வரியும் இல்லை.
படிக்கல்லில் வைத்துத் தட்டினான்.
கோல் போனது. கத்தி போனது.
யாருடைய எழுத்தாகவும் அது இல்லை.
கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு,
இருபத்தொரு உள்ளங்கையிலும்.
எனக்கு மிஞ்சியது தூள்;
விரலைத் தொட்டு நக்கிக்கொண்டேன்.

பாப்பாவுக்கு அது உறைத்தது. துப்பினாள்.
துப்பியதை எடுத்துப் பார்த்தாள்.
திரும்ப வாயில் போட்டுக்கொண்டாள்.

ஒரு சேலையை இறக்கி
அவளைக் கிடத்தி ஆட்டினேன்.
கதை அதுவாகத் தொடங்கிவிட்டது.
பெத்லகேம், நெரிசல், மாட்டுத் தொட்டியில் குழந்தை.
"தொட்டியில போட்டுட்டு
அவங்கம்மாவும் கைக்காசுக்குப் போச்சா?"
கேட்டது துஷ்யந்தன்.
செலஸ்டினா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
"இல்லடா, தங்குறதுக்கு இடம் கிடைக்கல."
"ஒரு காம்பராகூடவா?"
"ஒரு காம்பராகூட."
அவன் கணக்குப் போடுவது தெரிந்தது:
அவன் வீட்டில் ஒரே காம்பரா, ஆட்கள் ஏழு.
"அப்ப எங்களவிட மோசம்" என்றான்,
யாரையோ இரக்கப்பட்டு.
வாயிலிருந்த துண்டை
கன்னத்தின் மறுபக்கம் ஒதுக்கினான்.

தாளின் அடியில் ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
பிள்ளைகள் கற்றுக்கொண்டது என்ன, எழுதி அனுப்பவும்.
பேனாவை மூடித் திறந்து மூடினேன்.
பெட்டி கிடைத்தது, நன்றி,
என்று மட்டும் எழுதினேன்.

திங்கள் காலை கதவைத் திறந்தால்
தொட்டில் சேலையில் ஒரு சிவப்புக் கறை,
பாப்பாவின் வாயளவு.
எங்கிருந்து வந்தனவோ எறும்புகள்,
கயிறு வழியே, ஒன்றன் பின் ஒன்றாய்,
யாரிடமும் வழி கேட்காமல்
கூரையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தன.

குழந்தைகளைக் கடிக்கும். தட்டிவிடத்தான் வேண்டும்.
கொழுந்துக்காரப் பெண்கள்
பிள்ளைகளைக் கொண்டுவருவது ஆறரைக்கு.
இப்போது ஆறு இருபதுதான்.