எந்தப் பக்கம்

கோண்டாவிலில் பாண் ஓட்டோவுக்கு ஒரே பாட்டு.
விடிய ஆறரைக்கு, பின்னேரம் நாலுக்கு.
பாட்டு வருகுதென்று யதுர்சிகாவுக்கு
மூன்று வயசிலேயே தெரியும்.
எங்கிருந்து என்பதுதான் தெரியாது.
படலையில் நின்று ஒழுங்கையின் இரண்டு முனையையும்
மாறி மாறிப் பார்ப்பாள்.
ஓட்டோ முன்னால் வந்து நிற்கும்.
ஒவ்வொரு நாளும் திடுக்கிடுவாள்.

வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள்.
ஆர் வாய் திறந்தாலும்
சத்தம் வலக்காதில்தான் நடக்கிறது,
சிவப்பு ஒட்டின கருவிக்குள்.
கதைச்சது ஆரென்று தேடி முடிய
கதை அடுத்த வாங்குக்குப் போயிருக்கும்.
பிறகு தேடுவதை விட்டாள்.
ரீச்சர் "நல்ல அமைதியான பிள்ளை" என்று
அறிக்கையில் எழுதினா.

எட்டு வயசில் இடப்பக்கமும் ஒப்பரேசன்.
இதுக்கு நீல ஒட்டு.
முதல் நாள் அழுதாள்:
"இதுக்குள்ளை ஆக்களே இல்லை அம்மா.
பேணிக்குள்ளை கல்லுக் குலுக்குது."
கழற்றிக் கழற்றி ஒளிப்பாள்.
அரிசி வாளிக்குள் ஒருநாள்;
இன்னொருநாள் தலையில் ஒட்டவேண்டிய வட்டக் காந்தம்
பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டு
வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் பார்த்தது.

நானும் விடவில்லை.
பள்ளிக்கூடம் விட்டு வந்ததும்
வலதை நிறுத்திவிட்டு, இடதுக்கு மட்டும்
முக்கால் மணித்தியாலம்.
வாயைக் கையால் மறைத்துக்கொண்டு
வாழை. வாளி. வாடி.
கல். கல். கல்.
எழுபதாம் நாளோ என்னவோ
ஒரு கல் "வாழை" என்றது.

அவளின் அப்பா கதவுநிலையில் சாய்ந்து நின்று பார்த்தார்.
"எங்களுக்கு இதை ஒருத்தரும் படிப்பிக்கேல்லை.
எங்கையிருந்து அடிக்கிறான்,
எந்தப் பக்கம் விழப்போகுது,
எட்டு வயசிலை காது தானாச் சொல்லும்.
பிழைவிட்டவன்..."
மிச்சத்தைச் சொல்லவில்லை.
நீலக் கருவிக்குப் பற்றரி மாற்றிக் கொடுத்தார்,
நகத்தால் மூடியைத் திறந்து, கவனமாக.

இப்போதும் பிழைக்கிறது.
காற்று வீசினால், மூன்றுபேர் சேர்ந்து கதைத்தால்,
காகத்தை முருங்கையில் தேடுவாள்,
அது தகரக் கூரையில் இருக்கும்.

நேற்றுப் பின்னேரம் பாட்டுக் கேட்டது.
சில்லறையை அள்ளிக்கொண்டு நான் படலைக்கு ஓடினேன்.
ஒழுங்கை வெறிச்சென்று கிடந்தது.
உள்ளே கணக்குக் கொப்பியில் குனிந்திருந்தவள்
தலை நிமிராமல்
பென்சிலைப் பின்பக்கம் நீட்டினாள்.
பென்சில் மெல்ல மெல்ல
கிணற்றடியிலிருந்து வேலி மூலைக்கு நகர்ந்தது.

"ஓடாதேங்கோ அம்மா.
அது பின் ஒழுங்கையாலை போகுது."

போய்த்தான் விட்டது.
இரவுக்குப் புட்டு.