முறைப்பாசனம்

தலைஞாயிற்றில் சிக்னல்
கடைமடைத் தண்ணீர் மாதிரி.
மேலே எல்லாரும் பாய்ச்சியது போக
எங்களுக்கு வரும்; வராமலும் போகும்.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், காலை ஒன்பதே முக்கால்.
மின்தடை பாடம் நடத்தும்போதே மின்தடை.
சிரித்திருக்கலாம்.

நாற்பத்தொரு பெயர்கள், கறுப்புக் கட்டங்களில்.
சட்டைநாதன் வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள்.
முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள்;
அவன் மடைக்கு வருவதற்குள் பாடம் முடிந்திருக்கும்.
தையல்நாயகி வாய்க்கால் ஷட்டர் மேல் ஏறி உட்கார்ந்தால்தான்
இரண்டு கோடு காட்டுமாம்.
பதினொன்றரைக்குள் வருகைப்பதிவு வேண்டுமென்று
தலைமையாசிரியரின் வாய்ஸ் மெசேஜ்.
அரிச்சந்திரா ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு
நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று என்று
எழுதி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை
ஓம் விதியின் நடுவில்
"புரியுதா?" என்று கேட்டேன்.
மூன்று முறை கேட்டேன்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
அரிசி டின்னுக்கும் யூரியா மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்து
அழுதேன், மூக்கு சிந்தி, சத்தமாக.

இரவு பத்து மணிக்கு ரிஸ்வானா:
"மிஸ், நீங்க ம்யூட் பண்ணல."
காது மடல் சுட்டது.
டைப்பிங், டைப்பிங் என்று
வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்து பிறகு வந்தது:
"யாரும் வெளிய போகல மிஸ்.
அப்படியே இருந்தோம்.
டேட்டா தீந்தவங்க மட்டும் போனாங்க."

மறுநாள் ஓமைத் தொடவில்லை.
தினம் ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றேன்.
மைக் திறந்திருக்கட்டும்,
பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.
சட்டைநாதன் அப்பாவின் கடனைச் சொன்னான்;
வட்டிக் கணக்கில் ஒரு பிழையில்லை.
மார்ச்சிலிருந்து தூக்கமில்லை என்றாள் ஒருத்தி,
ரேஷன் கடை மூடியிருக்கு என்பது போல.
நான் எதையும் தீர்க்கவில்லை. தெரியவும் தெரியாது.
"ம்" என்றேன்.
அந்த ஒற்றை எழுத்தும்
சில நாள் அறுந்து அறுந்து போயிற்று.

தையல்நாயகி தன் முறையில்
ஒரு வார்த்தை பேசவில்லை.
ஷட்டருக்கு அடியில் ஏதோ சலசலப்பு,
தூரத்தில் வாத்து ஓட்டுகிறவரின் அதட்டல்.
கேட்டுக்கொண்டே இருந்தோம்.
"ஒங்க ஊருக்குத் தண்ணி வந்துருச்சா?"
யாரோ ஒரு பையன்.
"நேத்து ராத்திரி."

அன்றைக்கு வருகைப்பதிவில்
இருபத்தேழு என்று எழுதினேன்.
இருபத்தேழுதான்.