பலகை முப்பத்தேழு

பழங்காநத்தம் மண்டபத்தில்
நேற்று இலை போட்ட மேசைகளில்
இன்று பலகைகள்.
முப்பத்தேழாவதின் ஓரத்தில்
யாருடைய பந்தியிலோ சிந்திய
ரசத்தின் வட்டக் கறை.

வெள்ளை எனக்கு.
இ4 வைத்துக் கடிகாரத்தை அழுத்தினேன்.
எதிரே நாற்காலி மட்டும்.
சீட்டில் பெயர்: ஒச்சப்பன், உசிலம்பட்டி.

பதினெட்டு இரவு
சாயக்கடைக் கணக்கை மூடிவைத்த பிறகு
சிசிலியனைப் படித்திருந்தேன்,
பன்னிரண்டாவது நகர்த்தலில் குதிரையைப் பலிகொடுத்து
ராஜாவை நடுத்தெருவில் நிறுத்துவது வரை.
யாருடைய ராஜா என்று தெரியாமலே.

அவர் கடிகாரம் ஓடியது.
முப்பது நிமிடம் வராவிட்டால் புள்ளி எனக்கு.
இருபதில்
வாசலைப் பார்க்காமலிருக்கப் பழகினேன்.
இருபத்தைந்தில்
வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்,
எந்தச் சாமியிடம் என்று சொல்ல மாட்டேன்.

இருபத்தேழில் வந்தார்.
காக்கிச் சட்டை, பையில் விசில்,
தேனி வண்டியின் தூசி புருவத்தில்.
"செக்கானூரணியில டயர் போயிருச்சு மேடம்."
நாற்காலியை இழுத்தார், உட்காரவில்லை.
அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு
ஓடும் பஸ்ஸில் நிற்கிற மாதிரி நின்றார்.

வைத்தார்: ஏ6.
ஓரத்துச் சிப்பாய், ஒரே ஒரு கட்டம்.
கொஞ்சம் தள்ளி உட்காருங்க.
அவ்வளவுதான்.
என் பதினெட்டு இரவும் படியில் தொங்கின.

பிறகு பி5. பிறகு
மூலையிலிருந்து எட்டிய மந்திரி
என் இ4 சிப்பாயை
டிக்கெட் எடுக்காதவனைப் போலப் பார்த்தது.
சில்லறை அடுக்கிப் பழகிய கை
வெட்டிய காய்களை உயரவாரியாக அடுக்கியது.
அந்த வரிசையில் என் யானை ஒன்று.

நாற்பத்தோராவது நகர்த்தல்.
அவருக்கு நான்கு நிமிடம்.
ராணியை வைத்தார்,
விரலை எச்சில் தொட்டுக்கொண்டார்,
கடிகாரத்தை அழுத்தவில்லை.

என் முறை. ஓடுவதோ அவர் நேரம்.
கன்னத்தில் கைவைத்து
ரொம்பவும் யோசிப்பவளாக
ரசக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆளில்லாமல் ஓடிய அதே கடிகாரம்
இப்போது ஆளை வைத்துக்கொண்டு ஓடியது.
மூன்று. இரண்டு.
மின்விசிறி கிறீச்சிட, அண்ணாந்து
அதைப் பார்த்தார்.
பூஜ்யம்.

நடுவர் கையெழுத்துக் கேட்டார்.
என் பேனாவை வாங்கிப் போட்டார்.
தாளைக் கிழித்து என் பிரதியைத் தந்தார்,
ஓரம் கொஞ்சமும் பிசிறவில்லை.
"அடுத்த ரவுண்டு எத்தனை மணிக்கு?
நாலரைக்கு எனக்கு வண்டி."

மூன்றுக்கு என்றேன்.
முடிஞ்சிருமா என்றார்.
எதிரே வருபவரைப் பொறுத்தது
என்றேன்.