ஏழாவது பொருள்

ஹேகர்பி ஆலயத்தின் சாவி
என் முழங்கை நீளம்.
பையில் அடங்காது. பள்ளிப் பேருந்தில்
கியர் பக்கத்தில் கிடக்கும்.
யாரைப் பூட்டி வைத்திருக்கிறாய் என்று
பிள்ளைகள் கேட்கிறார்கள்.

சனிக்கிழமை வௌவால் எச்சம் துடைக்க வேண்டும்.
வௌவாலைத் துரத்தக் கூடாது, சட்டம் இருக்கிறது.
அக்டோபரில் தெற்குக் கூரையின் ஈயத் தகட்டை
உரித்துப் போனவர்களுக்கும் சட்டம் இருக்கிறதாம்.
காவல் நிலையம் ஓர் எண் கொடுத்தது.
அதை இன்ஷூரன்ஸிடம் கொடுத்தேன்,
அவர்கள் இன்னோர் எண் கொடுத்தார்கள்.
நான்கு வாளிகளிலும்
மழை சொட்டிக்கொண்டிருக்கிறது.

போதகர் பெட்ரா லோம்ஸுக்கு ஆறு ஊர், ஒரு பழைய கார்.
மூன்றாம் ஞாயிறு எங்களுடையது.
எட்டுப் பேரும் ஒரு நாயும் எழுந்து நிற்போம்.
ஹீட்டர் இருமி அணையும்.
காணிக்கைத் தட்டில் பதினேழு பவுண்டு,
ஒரு கோட்டுப் பொத்தான்.
பொத்தானையும் கணக்கில் எழுதுகிறேன்.

சபைக்குழுக் கூட்டத்தில்
ஏழாவது பொருள் எப்போதும் கழிவறை.
பதினோரு வருடம்.
ஆம்ப்ரோஸ் டெதிக் எழுந்து நிற்பார்:
"எழுநூறு வருஷம் ஜனங்கள்
அடக்கிக்கொண்டுதான் ஜெபித்தார்கள்."
உட்கார்ந்துவிடுவார்.
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது:
என் கை தானாகவே எழுதும்.

கெட்டவர் அல்ல.
கல்லறைத் தோட்டத்துப் புல்லை வெட்டுவார்,
பெட்ரோலுக்கு ரசீது தந்ததே இல்லை.
புதன்தோறும் ஐம்பத்து மூன்று படி ஏறி
கோபுரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்.

முழங்கால் அறுவைக்கு அவர் போயிருந்த ஏப்ரலில்
கை தூக்கினோம்.
நான்கு நிமிடத்தில் நிறைவேறியது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை,
தேநீர்க் கோப்பைகளை அவசரமாகக் கழுவினோம்.
திரும்பி வந்தவர் குறிப்பேட்டை வாசித்தார்,
மூடி வைத்தார்,
புதன்கிழமை படியேறினார்.

ஆண்டவர் வரம் கொடுத்தாலும்
திருமண்டல அலுவலகம் கொடுக்காது.
பதினான்கு மாதம்.
வடக்குச் சுவரோரம் தோண்டியபோது
ஒரு தாடை எலும்பு வந்தது, யாருடையதோ.
பெட்ரா ஜெபித்து மறுபடி மண்ணில் வைத்தாள்.
குழாய் ஓர் அடி விலகிப் போனது.

வெள்ளிக்கிழமை பிளம்பர் தண்ணீர் திறந்துவிட்டான்.
ஆம்ப்ரோஸ் செவ்வாயே இறந்திருந்தார்.

அடக்க ஆராதனைக்கு நூற்று நாற்பது பேர்.
பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.
ஹல் நகரிலிருந்து மூன்று மணி நேரம் காரில் வந்த
அவருடைய அக்கா யூனிஸ், தொண்ணூற்றொரு வயது,
என் கைச்சட்டையை இழுத்து
காதோடு ஒன்று கேட்டாள்.
கூட்டிப் போனேன்.
ஆர்கன் வாசிப்பவர் முதல் பாட்டை
இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினார்.
பெட்ரா என்னைப் பார்த்தாள்.
இரண்டு விரல் காட்டினேன்: இரண்டு நிமிடம்.
ஊர் முழுக்கக் காத்திருந்தது.

பிறகு அந்தச் சத்தம்.
பழைய கல், மெல்லிய கதவு,
தண்ணீர் பலிபீடம்வரை முழங்கியது.
யாரும் சிரிக்கவில்லை.
பெட்டி சுமந்த ஆறு பேரின் தோள்கள் மட்டும்
குலுங்கின.
பெட்டியும் கொஞ்சம்.
"ஆட்சேபிக்கிறார்" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.
யூனிஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து
முன்வரிசையில் உட்கார்ந்தாள்.
"சோப்பு நல்ல சோப்பு" என்றாள் என்னிடம்.

அந்த மாதக் குறிப்பேடு.
ஏழாவது பொருள்: கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது யார்?
கை ஒன்றும் எழவில்லை.
ஒத்திவைக்கப்பட்டது.

முள் நாலு பத்தில் நின்றுவிட்டது.
புதன்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு
கோபுரத்துக் கதவைத் திறந்தேன்.
முப்பதாவது படியில் மூச்சு முட்டியது.
உட்காரத் தடவிய கையில்
நாலாய் மடித்த சாக்கு ஒன்று,
நடுவில் குழிந்து.