வெதுவெதுப்பு

பாய்சாந்துவுக்குத் திரும்பும் பஸ்ஸில்
டாக்டர் சொன்ன பெயரைச்
சீட்டின் பின்புறம் எழுதிவைத்தேன்.
உணவுக்குழாயில் மெலனோமா.
வெயில் தின்ற தோலில் வரும் கருப்பு
வெயிலே எட்டாத இடத்தில்.

"என் முப்பது வருடத்தில் நீங்கள் இரண்டாவது ஆள்"
என்றார் டாக்டர் பெரெத்தா,
லாட்டரி விழுந்தவனிடம் சொல்வதுபோல.
வில்மார் கேட்டது ஒன்றுதான்:
முதல் ஆள் எப்படி இருக்கிறார்?
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் கேட்க நினைத்தது வேறு.
முப்பத்தொரு வருடம்
விடியற்காலை ஐந்துக்கு
மாத்தேவுக்குக் கெட்டில் வைத்தவள் நான்.
கொதிக்க விடாதே, தொண்டைக்கு ஆகாது என்பார்கள்.
கொதிக்கத்தான் விட்டேன்.
அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.
அதனாலா, டாக்டர்?

"இல்லையம்மா. அது வேறு வகை.
இது ஏன் வருகிறதென்று எங்களுக்கே தெரியாது."

மூச்சு வந்தது எனக்கு.
வந்த மூச்சுக்கு வெட்கப்பட்டு
கைப்பையில் இல்லாத எதையோ தேடினேன்.

அக்டோபரில் அறுத்தார்கள், ஒன்பது மணி நேரம்.
குழாயை எடுத்துவிட்டு
இரைப்பையைக் குழலாக நீட்டி
மார்புக்குள் ஏற்றிக் கழுத்தோடு தைத்தார்கள்.
இப்போது அவனுக்குப் பசிப்பது
நெஞ்சில்.

கம்பளிக் கிடங்கில் எடை போடுகிறவன்.
தன்னையும் அதே தராசில் ஏற்றிப் பார்க்கிறான்.
எண்பத்திரண்டு.
அறுபத்தொன்பது.
ஐம்பத்தெட்டு.
"ஈரக் கம்பளி காய்ந்தால் இப்படித்தான்" என்கிறான்
சக ஆட்களிடம்.
யாரும் சிரிக்காததால் அவனே சிரிக்கிறான்.

மூன்று வாரத்துக்கொரு முறை மொந்தெவிதேயோ.
உடம்பை உடம்புக்கே காட்டிக்கொடுக்கும் மருந்து,
சொட்டுச் சொட்டாக.
மற்றவர்கள் தூங்குகிறார்கள். இவன் எண்ணுகிறான்.

கட்டிலின் தலைமாட்டில் காலுக்கு இரண்டு செங்கல்:
நேராகப் படுத்தால்
தின்றது வாய்க்கு வந்துவிடும்.
இரவெல்லாம் சரிவில் வழுக்கி
விடியும்போது இருவரும்
கால்மாட்டில் குவிந்துகிடக்கிறோம்,
வெள்ளத்தில் ஒதுங்கிய இரண்டு மூட்டைபோல.

நேற்று சுரைக்குடுவையைக் கொண்டுவந்து வைத்தான்.
மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்திருந்தேன்.
வெதுவெதுப்பாகத்தான், என்றேன்.
குழந்தைக்கு ஊற்றும் தண்ணீர்போல
விரல் விட்டுப் பார்த்து ஊற்றினேன்.

ஒரு உறிஞ்சல்.
நிறுத்தினான்.
அவன் கழுத்தையே பார்த்திருந்து
நானும் விழுங்கினேன், வெறும் எச்சிலை.

"உயிரில்லாத தண்ணி" என்றான்.
இன்னொரு மடக்கு குடித்தான்.
பிறகு, வழக்கம்போல்,
குடுவையை என் பக்கம் நீட்டினான்.

உண்மைதான்.
வாயில் வைக்க விளங்கவில்லை.
அடிவரை உறிஞ்சினேன்,
காற்று சத்தம் போடும்வரை.