முடிவுரைக்கு விட்ட இடம்

மூன்றாய் மடியும் அட்டையில்
வலது மடிப்பின் கீழே
ஒரு கையகலம் இன்னும் வெள்ளை.
மற்றதெல்லாம் ஒட்டியாயிற்று.
தலைப்பு, நீலத்தில், கொஞ்சம் சாய்ந்து:
எது பனிக்கட்டியை முதலில் வெல்லும்?
கருதுகோள்: உப்பு. எப்போதும் உப்பு.
'எப்போதும்' என்ற சொல்லுக்கு
இரண்டு அடிக்கோடு
நவம்பரிலேயே போட்டுவிட்டாள் ஐலி.

காலுமெட்டில் மணி பதினொன்று.
ஜன்னலின் பாதிவரை பனி ஏறியிருக்கிறது.
சமையலறை மேசையில் பசைக்குச்சி,
மூடி தொலைந்த ஸ்கெட்ச் பேனா,
திருமதி லாவின் கொடுத்த தாள்.
முடிவுரை, மூன்று பத்தி:
என்ன கேட்டாய், என்ன கிடைத்தது,
அடுத்த முறை எதை மாற்றுவாய்.
ஒன்பது மணியிலிருந்து அவள் எழுதியது
ஒரே ஒரு சொல்.
முடிவாக.
பக்கத்தில் ஒரு காற்புள்ளி.

எண்களுக்குக் குறைவில்லை.
பின்வாசல் படியில் ஐந்து கிண்ணம்,
உப்பு, சர்க்கரை, மணல், பீட்ரூட் சாறு,
ஒன்றும் போடாத ஒன்று.
ஒரு மணி நேரம் விட்டு
உருகிய நீரை
இருமல் மருந்தின் அளவுமூடியில் அளந்தாள்,
விரல் மரத்துப்போக.
உப்புக் கிண்ணத்தில் முதல் இரவு
முப்பத்தெட்டு மில்லி.
மறுநாள் முப்பத்தொன்று.
அதற்கடுத்து இருபத்தேழு.
குளிர் இறங்க இறங்க எண்ணும் இறங்கியது,
மாடிப்படியில் ஒரு குழந்தை
உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதுபோல.

நான்காம் இரவு இருபத்துநான்கு.

வரைபடத்தில் அந்தப் புள்ளி
எத்தனை அழகாய் விழுந்திருக்கிறது பாருங்கள்.
கோட்டைவிட்டு மயிரிழை விலகவில்லை.
மற்ற புள்ளிகள்
கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே,
பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி.
இது மட்டும்
புகைப்படத்துக்கு நிற்கிறது.

ஐந்தாம் இரவு மைனஸ் இருபத்துமூன்று.
உப்பு, பனிக்கட்டியின் மேல்
போட்டது போட்டபடி கிடந்தது.
கிண்ணத்தைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இல்லை.
அதைக்கூட எழுதிவிடலாம்.
என் கருதுகோள் தவறு என்று எழுத
அவளுக்குக் கை கூசவில்லை.
தவறிப்போனது உப்புதானே.

நான்காம் இரவு
ஈரோவின் ஹாக்கி ஆட்டம்
கூடுதல் நேரத்துக்குப் போனது.
காரில் தூங்கி,
பூட்ஸோடு கட்டிலில் விழுந்து,
விடிந்து போய்ப் பார்த்தால்
ஐந்து கிண்ணமும் மறுபடி கல்.
பள்ளிப் பேருந்து தெருமுனைக்கு வந்துவிட்டது.
பென்சிலை எடுத்தாள்.
எந்த எண் வருமோ
அந்த எண்ணைப் போட்டாள்.
வந்திருக்கும்.
பெரும்பாலும் வந்திருக்கும்.

இப்போது வரைபடத்தின் மூலையைக்
கிள்ளி இழுக்கிறாள்.
தாளோடு அட்டையின் தோலும் வருகிறது,
பழுப்பாய், ஒரு நாக்கு நீளம்.
வெளியே பனி ஒதுக்கும் லாரி போகிறது.
மஞ்சள் விளக்கு சுவரெல்லாம் சுற்றுகிறது.
பின்னாலிருந்து கொட்டுவது மணல்.
கடுங்குளிரில் என்றைக்கும் மணல்தான்.
நடக்கப் பழகிய நாளிலிருந்து அதே தெரு;
வாசலில் பூட்ஸைத் தட்டித் தட்டி
உதறியது என்னவென்று
ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

புது வரைபடம். நான்கு புள்ளி.
கோடு நடுவில் அறுந்து கிடக்கிறது.
'எப்போதும்' என்பதையும்
அதன் இரண்டு அடிக்கோட்டையும்
அப்படியே விட்டுவைத்தாள்.
'முடிவாக' என்பதை அடித்துவிட்டு
எழுதினாள்:
நான்காம் இரவு நான் தூங்கிவிட்டேன்.

அதன்பின் மற்றது வந்தது,
எழுத்துப்பிழைகளோடு, நிற்காமல்,
வெள்ளை போதாமல்
அட்டையின் விளிம்பில் திரும்பி.

பள்ளியின் கூடைப்பந்து அரங்கம்.
எரிமலைகள் மட்டும் எட்டு.
நடுவர், சட்டையில் டெல்மர் என்ற அட்டை,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அறுந்த கோட்டின்மேல் விரல் வைத்தார்.
கீழே வாசித்தார்.
மறுபடியும் வாசித்தார்.
"ஆட்டத்தில் யார் ஜெயித்தது?"
"ஹான்காக்," என்றாள் ஐலி. "ஒரே கோல்."
குறிப்பேட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டு
அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.
அங்கே ஒரு பையன்
வினிகர் புட்டியைச் சாய்த்தபடி
அவருக்காகக் காத்திருந்தான்.